உள்ளங்கைக்கு வந்த கணினியும் தமிழாசிரியர் பணியும்

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் சென்றிருந்தேன். ஜொகூர் மாநிலத்திலுள்ள எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்ற மாணவர் ஒருவர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டத்திற்குப் படிக்கிறார். அவருடைய பெற்றோர் பால்மரம் சீவி அவரை ஆளாக்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர் சற்றுத் தயங்கி, “ஐயா, நான் என்ன படிக்கிறேன் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். ‘மொபைல் அண்ட் பெர்வேசிவ் கம்ப்யூட்டிங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். ஆயினும் உடனே விடை கூற நா எழவில்லை. நகர்வுக் கணிமை என்றும், எங்கும் நிறை கணிமை என்றும் சொற்களை அடுக்கிவிடலாம். அந்தத் தாயார் அவற்றைக் கேட்டு என்ன அறிவார்? சொல்லைத் தேடப் புகுந்த எனக்கு, அச்சொல்லுக்குப் பின்னே கிடந்த ஒரு வரலாறு கண்ணிற் பட்டது. அவ்வரலாற்றில் பொறியாளர்களோடு ஒரு தமிழாசிரியரும் முன்வரிசையில் நிற்கிறார். அதனைத் தமிழாசிரிய அன்பர்கள் அறிதல் வேண்டும் என்னும் அவாவே இதை எழுதத் தூண்டியது.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குக என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் புகட்டிய முதற்பாடம். அவ்வழியே செல்வோம். அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மார்க் வைசர் என்பார் 1988ஆம் ஆண்டளவில் இத்துறைக்கு வித்திட்டார். 1991இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரையே இன்றும் இத்துறை மாணவர்க்கு அரிச்சுவடி. மேசைமேல் ஒரு பெட்டியாக அமர்ந்து, தன்னையே நோக்குமாறு மனிதனைக் கட்டாயப்படுத்தும் கணினி, நிறைவு பெறாத கணினி என்றார் அவர். அது பல சிறு கருவிகளாகப் பிரிந்து, நாம் எண்ணிப் பாராத அளவிற்கு வாழ்வின் இடையிடையே மறைந்து நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கருவிகளை மூவகையாக்கினார். அங்குல அளவினது ஒன்று, அடி அளவினது ஒன்று, கெஜ அளவினது ஒன்று. நம் வகுப்பறைக்குள் நுழைந்து பார்த்தவர்போலவே அவர் பேசுகிறார்! கையிலுள்ள சிறு துண்டுத்தாள், மேசைமேல் விரித்த ஏடு, சுவரிலுள்ள கரும்பலகை ஆகிய மூன்றுமே அவர் கண்ட கருவிகளின் முன்மாதிரிகள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். மனிதன் கண்ட முதல் தகவல் தொழில்நுட்பம் எழுத்தே என்றார். தெருப்பெயர், கடைப்பெயர், மருந்துப் புட்டியின் மேலொட்டிய தாள் என எங்கு நோக்கினும் எழுத்து இருக்கிறது; ஆயினும் அதைப் படிப்பதாக நாம் எண்ணுவதேயில்லை, பொருள் தானே மனத்தில் ஏறுகிறது. கணினியும் அந்நிலையை அடைய வேண்டும் என்பதே அவர் வாதம். ஆகவே, எழுத்தறிவிக்கும் நாம் இத்துறைக்குப் புறத்தவர் அல்லோம்.

சிராங்கூன் சாலையில் நடந்தபோது இவ்வுண்மை எனக்கு நன்கு விளங்கிற்று. நகைக்கடைப் பலகைகளிலும் பூக்கடை ஓரங்களிலும் தமிழெழுத்து. நடைபாதையில் அமர்ந்திருந்த தமிழகத் தொழிலாளர் பலர் கைப்பேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தனர். திரையிலும் தமிழெழுத்து. பலகையில் உள்ள தமிழை எழுதியவர் ஓவியர் என்பது எல்லோர்க்கும் தெரியும். திரையில் உள்ள தமிழை அங்கே கொண்டுவந்து வைத்தவர் யார்?

முதலில் சிங்கப்பூர் அரசின் முயற்சியைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1981இல் அங்கே தேசியக் கணினி வாரியம் நிறுவப்பட்டது. 1992இல் அவ்வாரியம் ‘ஐடி 2000’ என்னும் திட்டத்தை வெளியிட்டுச் சிங்கப்பூரை அறிவார்ந்த தீவாக்குவோம் என்றது. அதன் பயன் சாலையில் வெளிப்படையாகத் தெரிந்தது. நகர நடுவில் நெரிசலைக் குறைக்க 1975இலிருந்தே வாகனங்களிடம் கட்டணம் வாங்கினர். அக்காலத்தில் கண்ணாடியில் ஒட்டிய அனுமதிச் சீட்டை அலுவலர்கள் வழியோரம் நின்று கண்ணாற் பார்த்துச் சரிபார்த்தார்கள். 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தபின் வாகனத்துள் பொருத்திய சிறு கருவியும் சாலைக்கு மேல் நின்ற வளைவும் வானலையாற் பேசிக்கொண்டன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தவும் வேண்டியதில்லை. கணினி சாலையில் மறைந்துவிட்டது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடையாது. 2018 அக்டோபரில் இத்துறையின் உலக மாநாடாகிய ‘ஊபிகாம்ப்’ சிங்கப்பூரிற் கூடியது முற்றிலும் பொருத்தமே.

ஆனால் சாலையில் மறைந்த கணினிக்கு மொழி தேவையில்லை. கையிலுள்ள கணினிக்குத் தேவை. நம் கதை இங்கேதான் தொடங்குகிறது.

நா. கோவிந்தசாமி

சிங்கப்பூரில் 1946இல் பிறந்த நா. கோவிந்தசாமி ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர், 1977இல் ‘இலக்கியக் களம்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தவர், 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். கணினித் தொழில் அவர் படித்துப் பட்டம் பெற்ற தொழிலன்று. ஆயினும் கணினியில் தமிழ் எழுதுவதற்கு எழுத்துருவும் விசைப்பலகையும் அமைத்து, அதற்குக் ‘கணியன்’ என்று பெயரிட்டார். புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் அப்பெயரில், கணிப்பவன் என்ற பொருளும் அமைந்திருப்பதைத் தமிழாசிரியர்க்கு நான் விளக்க வேண்டா.

அம்முயற்சியின் அருமை இன்றைய இளைஞர்க்கு எளிதில் விளங்காது. எங்கள் பயிற்சிக் கல்லூரி நாள்களில் மலாய்த் தேர்வுத்தாளும் ஆங்கிலத் தேர்வுத்தாளும் தட்டச்சில் அழகாக வரும். தமிழ்த் தேர்வுத்தாள் மட்டும் மெழுகுத்தாளில் இரும்பு எழுதுகோலால் கீறி, மை உருளையில் ஓட்டி எடுத்ததாய் இருக்கும். அழுத்திக் கீறினால் தாள் கிழியும். மெல்லக் கீறினால் புள்ளி விழாது. புள்ளி விழாத தமிழ் எப்படிப்பட்டதென்று நமக்குத் தெரியும். மை படிந்த விரல்களோடு வகுப்புக்குச் சென்ற நாள்களில், எங்கள் மொழி மட்டும் ஏன் கையால் உழைக்க வேண்டியிருக்கிறது என்று நான் வருந்தியதுண்டு. அதே காலத்தில் கடலிடுக்குக்கு அப்பால் ஒருவர் வருந்துவதோடு நில்லாமல் வேலையில் இறங்கிவிட்டார்.

1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் முயற்சி ஒன்று நடந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கொக் யோங் ஆகியோருடன் கோவிந்தசாமி இணைந்து உழைத்தார். அன்றைய குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் காலூன்றிய தொடக்க நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. ‘இணையம்’ என்ற சொல்லையே வழக்கிற்குக் கொணர்ந்தவர் அவர்தாம் என்பர். 1997 மே மாதத்தில் தமிழ் இணையம் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு சிங்கப்பூரிற் கூடியது. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. ஒருவர் ‘அன்புள்ள’ என்று எழுதி அனுப்பினால், மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு கூடி, தமிழ்99 என்னும் பொது விசைப்பலகை ஏற்கப்பட்டது. கணியன் விசைப்பலகையின் சாயல் அதில் உண்டு என்று அறிந்தோர் கூறுவர்.

அவ்வாண்டு மே 26ஆம் நாள் கோவிந்தசாமி மறைந்தார், வயது 53. அதற்கு ஒரு திங்கள் முன்னர், ஏப்ரல் 27ஆம் நாள், மார்க் வைசர் மறைந்தார், வயது 46. ஒருவர் கணினி எழுத்தைப்போல் எங்கும் பரவ வேண்டும் என்றார். மற்றவர் அவ்வாறு பரவும் கணினியில் தமிழெழுத்து இருக்க வேண்டும் என்று உழைத்தார். கைப்பேசி கணினியாக மலர்ந்ததை இருவரும் காணவில்லை.

247 எழுத்தும் 12 பொத்தானும்

தமிழில் 247 எழுத்து. அதனால் கருவியில் அடங்காது என்று ஒரு காலத்தில் படித்தவர்களும் பேசினர். இது எழுத்திலக்கணம் அறியாதார் கூற்று. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. ஆக 31 எழுத்தைக் கொண்டு மற்றவற்றை ஆக்கிக்கொள்ளலாம். இங்கே சுவையான செய்தி ஒன்றுண்டு. ‘கெ’ என்று எழுத நாம் பிள்ளைகளுக்கு முதலிற் கொம்பையும் பின்னர்க் ககரத்தையும் எழுதச் சொல்கிறோம். யூனிகோட் என்னும் உலகக் குறியீட்டிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போதுதான் கொம்பு முன்னே தாவுகிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று தொல்காப்பியர் சொன்ன முறை கருவியின் வயிற்றுக்குள் அப்படியே இருக்கிறது. கையெழுத்து முறை வெளியே இருக்கிறது. மென்பொருள் சரியில்லாத இடங்களில் கொம்பு தாவாமல் நின்றுவிடும். அச்சிட்ட அறிவிப்புகளிற்கூடக் கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமுமாய்ச் சிதறிக் கிடப்பதைக் கண்டு மனம் நொந்திருப்பீர்கள். அதை ஒட்டியவர் தமிழ் படிக்கத் தெரியாதவர் என்பதே அதன் பொருள்.

கைப்பேசிக்கு வருவோம். பழைய கைப்பேசியில் பொத்தான் பன்னிரண்டே. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்துகள் அதில் அடங்கும். யூனிகோட் தமிழுக்கு ஓரிடத்திற்கு 16 பிட் என்பதால் 70 இடங்களே கிடைக்கும். அதிலும் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பிடிக்கும். ‘சிங்கப்பூர்’ என்பது நமக்கு 6 எழுத்து. கருவிக்கு 11 இடம். திருக்குறளின் முதற்குறளை எண்ணிப் பார்த்தேன். நம் கணக்கில் 26 எழுத்து. கருவிக் கணக்கில் 39 இடம். சொல்லிடை வெளிகள் ஆறும் சேர 45. எழுபதில் நாற்பத்தைந்து போக மிச்சமும் உண்டு! வள்ளுவருக்குக் குறுஞ்செய்தி போதும். நம்மவர் எழுதும் நலம் விசாரிப்புக்குத்தான் போதாது.

இத்தகைய நெருக்கடிக்குள் கைப்பேசியில் தமிழைப் பொருத்தியவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். ‘முரசு அஞ்சல்’ மென்பொருளால் முன்னரே அறியப்பட்டவர். அவர் ஆக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி, சிங்கப்பூரின் ‘ஒலி 96.8’ வானொலியின் துணையோடு மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. ஜாவா இயங்கும் கைப்பேசிகளில் அதை ஏற்றிக்கொண்டோர் தமிழிலேயே செய்தி அனுப்பினர். 2013இல் ஐபோனின் உள்ளேயே தமிழ் விசைப்பலகை அமைந்தபோது, ஏற்றிக்கொள்ளும் தொல்லையும் நீங்கிற்று. முத்து நெடுமாறனின் தந்தையார் யாரென்று மலேசியத் தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் அவர்களே. முன்னவர் தாமே தமிழாசிரியர். பின்னவர் தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளை. இதைத் தற்செயல் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. பொறியாளர்கள் தமிழை மறுத்தார்கள் என்பதன்று. அவர்களுக்கு அருகில் அமர்ந்து கொம்பும் புள்ளியும் எங்கே விழ வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

கருவி மறைந்தபின்

என் மாணவர் இன்று கற்பது என்ன? கைப்பேசி தன் உடைமையாளன் நடக்கிறானா, பேருந்தில் அமர்ந்திருக்கிறானா என்பதை அசைவுணரியால் அறிவது எங்ஙனம். விண்கோள் அலை நுழையாத சந்தைக் கட்டடத்துள் அருகிலுள்ள கம்பியில்லா நிலையங்களின் அலை வலிமையைக் கொண்டு இடத்தை அறிவது எங்ஙனம். இவற்றையெல்லாம் மின்கலம் தீராமற் செய்வது எங்ஙனம் என்பன அவர் பாடங்கள். மின்கலத்தைப் பற்றி அவர் விளக்கியபோது எனக்கு எங்கள் பழைய மண்ணெண்ணெய் விளக்கு நினைவுக்கு வந்தது. திரியைத் தூண்டினால் வெளிச்சம் மிகும். எண்ணெய் விரைவில் வற்றும்.

மறைந்திருக்கும் கருவிக்கு வேறொரு விலையும் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச்சு 20ஆம் நாள், சிங்கப்பூர் அரசு ‘டிரேஸ்டுகெதர்’ என்னும் செயலியை வெளியிட்டது. அருகருகே இருந்த கைப்பேசிகள் புளூடூத் அலையால் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். நோயாளி ஒருவர் யார் யாரை நெருங்கியிருந்தார் என்பதை அதனால் அறியலாம். நோய்த்தடத்திற்கு மட்டுமே எனக் கருதி மக்கள் அதை ஏற்றனர். 2021 சனவரியில், குற்ற விசாரணைக்கும் காவல்துறை அத்தகவலைப் பெற முடியும் என்பது நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. மக்கள் மனம் கசந்தனர். பிப்ரவரியில் சட்டம் இயற்றி, கடுங்குற்றங்கள் ஏழு வகைக்கு மட்டும் என வரம்பு கட்டினர். அரசு தவற்றை ஒப்புக்கொண்டு சட்டமாக்கியதைப் பாராட்டுகிறேன். ஆயினும் ‘சம்மதம்’ என்னும் பொத்தானை அழுத்தும் தொழிலாளி தான் எதற்குச் சம்மதிக்கிறான் என்பதைத் தன் மொழியில் படித்தானா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கைப்பேசியிலே தமிழ் வேண்டும் என்பது பெருமைக்காக மட்டும் அன்று.

இப்பொழுது கருவி எழுத்தையும் தாண்டிப் பேச்சுக்கு வந்துவிட்டது. மாணவர் தம் கைப்பேசியில் ஒரு சோதனை செய்து காட்டினார். நான் மேடைத் தமிழில் பேசினேன், பிழையின்றி எழுதிற்று. பிறகு ஊரிலிருந்த தம் தாயாரை அழைத்து, காலை வேலைகளைச் சொல்லச் சொன்னார். “வெள்ளன பெரட்டுக்குப் போயி, நிரை எடுத்து, மங்கெல்லாம் தொடச்சு…” என்று அந்த அம்மையார் பழைய நாள்களைச் சொல்லிக்கொண்டே போனார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் இடம். கருவி அதனைப் ‘பரோட்டா’ என்று எழுதிற்று! மங்கு, பால் வடியும் கிண்ணம். அது ‘மங்கை’ ஆயிற்று. நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். என்ன செய்தியென்று மறுமுனையில் அவர் கேட்டபோது, மாணவர் முகம் மாறிற்று. “ஒன்றுமில்லை அம்மா, இதற்கு உங்கள் பேச்சு புரியவில்லை” என்றார். “நான் படிக்காதவதானேப்பா” என்றார் தாயார். குறை தம்முடையதே என்று அவர் எண்ணிவிட்டார்.

அன்றிரவு பேருந்தில் ஜொகூர் திரும்பும்வரை அச்சொல் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கருவிக்குப் பேச்சைக் கற்பிப்பதற்குப் பலர் பேசிய பேச்சும், அதற்கு நேரான சரியான எழுத்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். நாளிதழ்த் தமிழும் செய்தியறிக்கைத் தமிழும் ஏராளமாகக் கிடைக்கின்றன. தோட்டத்துத் தமிழை யார் எழுதிவைத்தார்? தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பால்மரம் சீவியவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சென்றுவிட்டனர். அச்சொற்களை அறிந்தவர்கள் இப்போது தாத்தா பாட்டிகள் மட்டுமே.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொற்களை எழுதி வருகிறார்கள். பேச்சைப் பதிவு செய்யும் பொறுப்பை மாணவர் ஏற்றுக்கொண்டார். ‘நிரை’ என்னும் சொல்லுக்கு ஒரு சிறுமி ‘பால்மர வரிசை’ என்று பொருள் எழுதினாள். யாப்பிலக்கணத்து நிரையசையை அவள் இன்னும் கற்கவில்லை. ‘லயம்’ என்பதற்கு மற்றொருவன் ‘தாத்தா இருந்த வரிசை வீடு’ என்று எழுதினான். அகராதியிலுள்ள இசைப்பொருள் அவனுக்குத் தெரியாது. இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

தாயாருக்குச் சொல்லும் பெயர் இன்னும் முடிவாகவில்லை. ‘கூடவே இருக்கும் கணினி’ என்று சொல்லிப் பார்த்ததாகவும், அம்மா தலையசைத்ததாகவும் மாணவர் எழுதியிருந்தார். சொற்பட்டியல் மகர வரிசைக்கு வந்திருக்கிறது. மங்கு என்னும் கிண்ணத்தைப் பேராக்கிலும் கெடாவிலும் வேறு பெயரால் வழங்குவர் என்று கேள்விப்படுகிறேன். அப்பெயரை அறிந்த ஆசிரிய அன்பர்கள், எந்தத் தோட்டத்தில் யார் வாயிலாகக் கேட்டது என்பதையும் சேர்த்து, இம்மலரின் வழியாக எனக்கு எழுதினால் நன்றியுடையேன்.